நெடுஞ்சாலையில் விபத்தைக் கண்டால்: ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது

விபத்து நடந்த இடத்தில் உதவிக்கு ஆள் குறைவதில்லை. ஐந்து நிமிடத்தில் இருபது பேர் கூடிவிடுவார்கள். கூடியதும் நாலு பேர் கையையும் காலையும் பிடித்து அடிபட்டவரைத் தூக்குவார்கள், ஒருவர் தண்ணீர் கொண்டுவர ஓடுவார், இன்னொருவர் ஷேர் ஆட்டோவை மறிப்பார். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். நெடுஞ்சாலையோர ஊர்களில் டீக்கடைக்காரர்கள், பஞ்சர் ஒட்டுகிறவர்கள், ஓட்டுநர்கள் ஆகியோருக்கு முதலுதவிப் பயிற்சி கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே பிழையை: தூக்குவதுதான் முதல் வேலை என்ற நினைப்பு. அது கடைசி வேலை. பெரும்பாலும் அது நம் வேலையே அல்ல.

கீழே உள்ளவை நான்குவழிச் சாலையை மனத்தில் வைத்து எழுதியவை. ஊருக்குள் நடக்கும் விபத்துக்கும் இதே வரிசைதான்; தூரங்கள் மட்டும் குறையும்.

1. வண்டியில் முன்பே இருக்க வேண்டியவை

சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் காரோடு வந்திருக்கும். பலருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இன்றே டிக்கியைத் திறந்து தேடி எடுத்து, ஒருமுறை மடக்கிப் பிரித்துப் பாருங்கள். இருட்டில் முதன்முதலாகப் பிரிக்க முயல்கிறவர் காலை உடைத்துவிடுவார். முக்கோணத்தின் காலைச் சொல்கிறேன்.

இதனுடன் ஒரு டார்ச், ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை, இரண்டு ஜோடி ரப்பர் கையுறை, துவைத்து மடித்த பழைய பருத்தி வேட்டி ஒன்று, கத்தரிக்கோல், ஒரு மார்க்கர் பேனா. முதலுதவிப் பெட்டிகளில் வரும் சின்னஞ்சிறு பிளாஸ்டர்கள் சாலை விபத்துக்கு ஒன்றுக்கும் உதவாது. அழுத்திப் பிடிக்க அகலமான துணிதான் வேண்டும். இரு சக்கர வண்டிக்காரர்கள் சீட்டுக்கு அடியில் கையுறையும் ஒரு துண்டும் வைத்திருந்தால் போதும்.

உங்கள் கைபேசியில் அவசரத் தொடர்பு எண்ணையும் ரத்தப் பிரிவையும் பதிந்து, பூட்டிய திரையிலேயே தெரியும்படி வையுங்கள். அடிபடுவது நீங்களாகவும் இருக்கலாம்.

2. வண்டியை எங்கே நிறுத்துவது

விபத்து நடந்த இடத்துக்கு நேர் பின்னால் பிரேக் அடித்து நிற்காதீர்கள். உங்கள் பின்னால் வருகிறவர் உங்கள் மீது மோதினால், உங்கள் வண்டியே கீழே கிடப்பவர் மீது ஏறும். வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தைக் கடந்து, இடப்பக்க ஓரத்தில் சாலையை விட்டு முழுவதும் இறக்கி நிறுத்துங்கள். நான்கு விளக்குகளையும் மினுக்க விடுங்கள்.

இறங்கும்போது இடப்பக்கக் கதவு வழியாக இறங்குங்கள். குழந்தைகள், வயதானவர்கள் கூட வந்திருந்தால் அவர்களையும் அந்தப் பக்கமாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வையுங்கள். ஓரத்தில் நிற்கும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு என்று நினைப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் வரும் லாரி ஓட்டுநருக்கு, நின்றிருக்கும் வண்டியின் பின்விளக்கு ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் விளக்காகத் தெரியும். அவர் அதைப் பின்தொடர்ந்து வந்து மோதியிருக்கிறார்.

சாலையின் எதிர்ப்பக்கம் விபத்து நடந்திருந்தால் நடுத்திட்டைத் தாண்டி ஓடுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஆட்கள் இருந்தால், நீங்கள் 108-க்குப் பேசுவதே பெரிய உதவி.

3. பின்னால் வரும் வண்டிகளை எச்சரிப்பது

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். முதல் விபத்தில் தப்பியவர்களையும் உதவ வந்தவர்களையும் கொல்வது இரண்டாவது விபத்து.

எவ்வளவு தூரத்தில்? ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி. அதற்குள் 40 மீட்டருக்கு மேல் போய்விடும். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 50, 60 மீட்டர். ஆக, 100 மீட்டர் என்பதே மிகக் குறைந்த அளவு. மழையானாலும் இரவானாலும் அதை 200 மீட்டராக்குங்கள். பாரம் ஏற்றிய லாரிக்கு அதுவும் தாராளம் அல்ல. பயிற்சியில் முக்கோணத்தை வைக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் பத்தடி தள்ளி வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது விபத்துக்கு அடையாளச் சின்னமாக நிற்குமே தவிர யாரையும் எச்சரிக்காது.

சாதாரண நடையில் 130, 140 எட்டு வைத்தால் 100 மீட்டர் வரும். வாகனங்கள் வரும் திசையைப் பார்த்தபடி, சாலைக்கு வெளியே நடந்து போங்கள். வளைவுக்கு அப்பால் விபத்து என்றால் வளைவுக்கு முன்பே வையுங்கள். மேம்பாலத்தின் இறக்கத்தில் என்றால் ஏற்றத்திலேயே வையுங்கள். டார்ச்சை ஓட்டுநரின் கண்ணில் அடிக்காமல் தரையை நோக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள்.

முக்கோணம் இல்லையென்றால் நம் ஊரில் மரக்கிளையை ஒடித்துப் போடுவார்கள். பரவாயில்லை, லாரிக்காரர்களுக்கு அதன் பொருள் புரியும். கல்லை மட்டும் வைக்காதீர்கள். கூட்டம் கலைந்த பிறகு கல்லை எடுக்க யாரும் இருப்பதில்லை. இரவில் அதில் ஏறி அடுத்த பைக் விழும்.

4. அருகில் போவதற்கு முன் அரை நிமிடம் பாருங்கள்

பெட்ரோல் வாசம் அடிக்கிறதா? மின்கம்பம் சாய்ந்திருக்கிறதா? கவிழ்ந்தது டேங்கர் லாரியா? இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்க வேண்டும்.

மோதிய வண்டிகளின் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துங்கள். யாரும் பீடி, சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. மின்கம்பி வண்டி மீது விழுந்திருந்தால் நெருங்கவே வேண்டாம். உள்ளே இருப்பவர்களையும் இறங்காமல் இருக்கச் சொல்லுங்கள். கம்பியைக் குச்சியால் தள்ளிப் பார்க்கும் வீரம் வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

டேங்கர் என்றால் பின்புறமும் பக்கவாட்டிலும் ஆரஞ்சு நிறப் பலகையில் எண்கள் எழுதியிருக்கும். அதைத் தூரத்திலிருந்தே படித்து 112-க்குச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், அதாவது வாயு உங்கள் மேல் வராத பக்கமாக விலகி நில்லுங்கள். கொட்டுவதை வாளியில் பிடிக்க ஓடுகிறவர்களைத் தடுக்க முடிந்தால் தடுத்துப் பாருங்கள்.

5. 108-க்குப் பேசுவது

"யாராவது 108-ஐக் கூப்பிடுங்கள்" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அல்லது பத்துப் பேர் கூப்பிட்டுப் பத்து இடம் சொல்வார்கள். ஒருவரைக் கை நீட்டிச் சொல்லுங்கள்: "நீலச் சட்டை அண்ணா, நீங்கள் 108-க்குப் பேசுங்கள். பேசிவிட்டு என்னிடம் வந்து சொல்லுங்கள்." பெயர் தெரியாத இடத்தில் சட்டையின் நிறம்தான் பெயர்.

சொல்ல வேண்டியவை, இந்த வரிசையில்: மாவட்டம், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில், சாலையோரக் கல்லில் உள்ள கிலோமீட்டர் எண், எத்தனை பேருக்கு அடி, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா. தேசிய நெடுஞ்சாலைக் கல்லின் தலை மஞ்சளாகவும் மாநில நெடுஞ்சாலைக் கல்லின் தலை பச்சையாகவும் இருக்கும். பெரிய கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறிய கற்களும் உண்டு. "பெட்ரோல் பங்க் பக்கத்தில்" என்றால் அந்தச் சாலையில் பத்து பங்க் இருக்கிறது.

எந்தத் திசையில் போகும் பக்கம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்: "திருச்சியிலிருந்து சென்னை போகும் பக்கம்." நடுத்திட்டு உள்ள சாலையில் ஆம்புலன்ஸ் தவறான பக்கம் வந்துவிட்டால், திரும்பி வர அடுத்த இடைவெளி பல கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

அவர்கள் சொல்லும்வரை அழைப்பைத் துண்டிக்காதீர்கள். ஆம்புலன்ஸ் புறப்பட்டதும் ஓட்டுநர் வழி கேட்டு அதே எண்ணுக்குத் திரும்ப அழைப்பார். அந்தக் கைபேசியில் வீட்டுக்குப் பேசிக்கொண்டு இருக்கக் கூடாது. தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கும் சொல்லுங்கள். ரோந்து வண்டி, கிரேன், சுங்கச்சாவடி ஆம்புலன்ஸ் ஆகியவை அந்த வழியாக வரும். ஆள் சிக்கியிருந்தால் தீயணைப்புத் துறை, 101.

6. யாரை முதலில் பார்ப்பது

அலறுகிறவரை அல்ல. அலற முடிகிறது என்றால் அவருக்கு மூச்சு இருக்கிறது, நினைவு இருக்கிறது. சத்தமே இல்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். கூட்டம் எப்போதும் சத்தத்தின் பக்கம்தான் போகிறது.

அதற்குள் இன்னொருவரிடம் எண்ணிக்கையைக் கேட்கச் சொல்லுங்கள்: "வண்டியில் எத்தனை பேர் வந்தீர்கள்?" தூக்கி எறியப்பட்டவர்கள் நடுத்திட்டின் அரளிச் செடிகளுக்குள்ளும் சாலையோரப் பள்ளத்திலும் கிடப்பார்கள். இரவில் டார்ச் அடித்துத் தேட வேண்டும். வண்டிக்குள் சின்னச் செருப்போ பால் புட்டியோ கிடந்தால், குழந்தை கண்ணில் படும்வரை தேடுவதை நிறுத்தாதீர்கள்.

அடிபட்டவரிடம் அவர் கண்ணுக்கு நேராக முன்பக்கமிருந்து போங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு திருப்பலே போதும், கை கால் விளங்காமல் போக. "அசையாதீர்கள், ஆம்புலன்ஸ் வருகிறது" என்று சொல்லி, ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். பயிற்சியில் இந்த வேலையை யாரும் விரும்புவதில்லை, சும்மா இருப்பதுபோலத் தெரிகிறதாம். முதுகுத் தண்டைக் காப்பாற்றுவது இந்தச் சும்மாதான்.

7. பீறிடும் ரத்தத்தை நிறுத்துவது

ரத்தம் பீறிட்டாலும் தரையில் குளமாகத் தேங்கினாலும் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதை நிறுத்துங்கள். பெரிய குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

கையுறை போடுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டுங்கள். துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரு உள்ளங்கைகளாலும் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். எல்லோரும் செய்யும் பிழை, அரை நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கி "நின்றுவிட்டதா" என்று பார்ப்பது. அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் அதோடு பிய்ந்து வரும். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள்.

கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். இப்போதைக்கு அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் இரு பக்கமும் அழுத்துங்கள்.

கையோ காலோ நசுங்கி, அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால் மட்டும் கட்டுப் போடுங்கள். காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல், குறைந்தது மூன்று விரல் அகலமுள்ள துணியால் கட்டி, முடிச்சில் ஒரு குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்கிக் கட்டுங்கள். கயிறும் ஒயரும் சதையை அறுக்கும், வேண்டாம். கட்டிய நேரத்தை மார்க்கரால் அவர் நெற்றியிலோ கையிலோ எழுதுங்கள். அறுவை மருத்துவருக்கு அது தேவை. கட்டியதை நீங்களே அவிழ்க்கக் கூடாது.

8. மூச்சும் ஹெல்மெட்டும்

மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடி பாருங்கள். எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து "ஹக்" என்று இழுப்பது மூச்சு அல்ல. இதயம் நின்றவர்களும் அப்படி இழுப்பார்கள்.

நினைவில்லை, மூச்சும் இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தி அழுத்தி விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்; களைத்த கை ஆழமாக அழுத்தாது. விபத்தில் இதயம் நின்றவர்கள் பிழைப்பது அரிது என்பது உண்மை. அதற்காக விட்டுவிட முடியாது.

நினைவில்லை, ஆனால் மூச்சு இருக்கிறது, வாயில் ரத்தமோ வாந்தியோ நிறைகிறது என்றால் அவரை ஒருக்களிக்க வேண்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, இருவர் தோளையும் இடுப்பையும் பிடிக்க, தலையும் உடம்பும் ஒரே கட்டையைப் போலச் சேர்ந்து திரும்ப வேண்டும். மூச்சு அடைத்தால் சில நிமிடங்களில் சாவு. கழுத்துக்குப் பயந்து மூச்சை அடைய விடக் கூடாது.

ஹெல்மெட்டைக் கண்டதும் கழற்ற ஓடாதீர்கள். மூச்சு சீராக இருந்தால் முகக் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு அப்படியே விடுங்கள். மூச்சு இல்லை, அல்லது வாந்தி அடைக்கிறது என்றால் மட்டும் கழற்றுங்கள். அதற்கும் இருவர் வேண்டும். ஒருவர் கீழிருந்து தாடையையும் பிடரியையும் தாங்கிப் பிடிக்க, மற்றவர் வாரை அவிழ்த்து அல்லது வெட்டி, ஹெல்மெட்டை இரு பக்கமும் விரித்து மெதுவாக உருவ வேண்டும். வீட்டில் யாரையாவது படுக்க வைத்து ஒருமுறை பழகிப் பாருங்கள். வாசித்து மட்டும் இது கைக்கு வராது.

9. தண்ணீர், சோடா, இரும்பு

தண்ணீர் கொடுக்காதீர்கள். கேட்டாலும் கொடுக்காதீர்கள். அரை நினைவில் இருப்பவருக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். உதட்டை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். முகத்தில் சோடா அடிப்பதும் வேண்டாம். திடுக்கிட்டு உதறுவதில் கழுத்து திரும்பும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. தலை தரையில் மோதாமல் மடித்த துணியை வைத்து, அடங்கும்வரை பிடித்து அமுக்காமல் இருங்கள்.

10. எப்போது தூக்கலாம்

தீ, வாயுக் கசிவு, தண்ணீருக்குள் முகம், நிறுத்த முடியாத போக்குவரத்து: இந்த நான்கில் ஒன்று இருந்தால் மட்டும். அப்போதும் கையும் காலும் பிடித்துத் தூளிபோலத் தூக்காதீர்கள். நடு முதுகு மடிந்து தொங்கும். தலைமாட்டில் நின்று சட்டையின் தோள்பகுதியை இரு கையாலும் பற்றி, உங்கள் முன்கைகளுக்கு நடுவே அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, உடல் நேராக இருக்கும்படி தரையோடு இழுங்கள். போர்வையின் மேல் கிடத்தி இழுத்தால் இன்னும் நல்லது.

காருக்குள் கால் சிக்கியிருந்தால் பலம் கொண்டு இழுக்க வேண்டாம். தீ இல்லாதவரை தீயணைப்பு வீரர்கள் வரட்டும்.

ஆம்புலன்ஸ் வர வெகுநேரமாகும் என்று 108-லேயே சொல்லிவிட்டால் வேறு வண்டியில் ஏற்றத்தான் வேண்டும். நீளமாகப் படுக்க வைக்க இடமுள்ள வேன் அல்லது சிறு சரக்கு வண்டியைத் தேடுங்கள். ஆட்டோவில் உட்கார வைத்தால் நினைவில்லாதவரின் தலை முன்னே சாய்ந்து மூச்சை அடைக்கும். எந்த மருத்துவமனை என்பதையும் 108-இடமே கேளுங்கள். விபத்து, அவசர சிகிச்சைக்கான 'தாய்' மையம் (TAEI என்ற அரசுத் திட்டப் பெயரின் சுருக்கம்) எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தலையில் அடிபட்டவரைப் பக்கத்துச் சிறு கிளினிக்கில் இறக்கினால், அங்கிருந்து இன்னொரு பயணம் தொடங்கும்.

11. ஆம்புலன்ஸ் வந்ததும்

வழிவிட்டு, கூட்டத்தை ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஆம்புலன்ஸ் ஊழியரிடம் நான்கு செய்திகள்: எத்தனை மணிக்கு நடந்தது, எப்போதாவது நினைவு தப்பியதா, எங்கிருந்து ரத்தம் போனது, நீங்கள் என்ன செய்தீர்கள். "நடுவில் ஐந்து நிமிடம் நினைவில்லாமல் இருந்தார், இப்போது நன்றாகப் பேசுகிறார்" என்பது மிக முக்கியமான செய்தி. மண்டைக்குள் ரத்தம் கசிகிறவர்கள் சிலர் இப்படித் தெளிந்து மறுபடி சரிவார்கள்.

கைபேசி, பணப்பை, நகை ஆகியவற்றை நாலு பேர் பார்க்க ஒரு பையில் போட்டு, போலீசாரிடமோ ஆம்புலன்ஸ் ஊழியரிடமோ கொடுங்கள்.

12. போலீஸ், பணம், சாட்சி

"கேஸில் மாட்டிக்கொள்வோம்" என்ற பயம்தான் இன்னமும் பலரை விலகிப் போக வைக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின் மூலம் சேர்ந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டும் என்று போலீசாரோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சியாக வருவது உங்கள் விருப்பம். மருத்துவமனை உங்களிடம் முன்பணம் கேட்க முடியாது.

தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் வரும். 2021 டிசம்பரில் தொடங்கியபோது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய். பின்னர் இரண்டு லட்சமாக உயர்ந்தது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். உறவினர்கள் பதற்றத்தில் நகையை அடகு வைக்க ஓடுவதற்கு முன் இதைக் காதில் போடுங்கள்.

இன்னொன்று, ஒரு நிமிட வேலை: வண்டிகளை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள், பதிவு எண்களும் டயர்த் தடமும் தெரியும்படி. மோதிவிட்டு ஓடிய வண்டியின் எண் யாருக்காவது நினைவிருந்தால் உடனே எழுதிக்கொள்ளுங்கள். வண்டி அடையாளம் தெரியாமல் போனால் இறந்தவர் குடும்பத்துக்குக் கிடைப்பது இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் மட்டுமே. எண் கிடைத்தால் தீர்ப்பாயத்தில் வருமானத்தையும் வயதையும் வைத்து முழு இழப்பீடு கோரலாம். அதற்கும் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதமே கெடு. படங்களைக் குடும்பத்திடமும் போலீசாரிடமும் மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால், தாய்க்குச் செய்தி போய்ச் சேரும் முன் படம் போய்ச் சேர்ந்துவிடும்.

13. கிளம்புவதற்கு முன்

முக்கோணத்தையும் மரக்கிளைகளையும் எடுத்துவிடுங்கள். சாலையில் சிந்திய கண்ணாடியையும் எண்ணெயையும் ரோந்து வண்டிக்காரர்களிடம் காட்டுங்கள். எண்ணெய் மேல் மண் போடாமல் விட்டால் பைக்குகள் வழுக்கும்.

கைகளைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். உங்கள் கையில் வெட்டுக்காயம் இருந்து அதில் ரத்தம் பட்டிருந்தாலோ, கண்ணில் தெறித்திருந்தாலோ அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு அதனால் பயனில்லை.